அவள் கேட்டது எந்த மாதம் என்று மட்டும்தான்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஓடிவிட்டது. பதில் தாமதமானதற்கு என் இடது கண்தான் பொறுப்பு. புரை அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது குனியாதீர்கள், தலைக்குத் தண்ணீர் விடாதீர்கள், கண்ணைக் கசக்காதீர்கள் என்று மருத்துவர் அடுக்கிக்கொண்டே போனார். சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: கட்டைப் பிரித்ததும் நிலைக்கண்ணாடியில் என் முகம் இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பது. பதினைந்து ஆண்டுச் சுருக்கங்களை ஒரே காலையில் பார்த்தேன். முன்பே சொல்லியிருந்தால் அறுவையைத் தள்ளிப்போட்டிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லையோ என்னவோ.

மற்றபடி எல்லோரும் நலம். மகள் வேலை மாறிவிட்டாள். பேரன் சைக்கிள் கற்றுக்கொள்கிறான். இரண்டு முழங்காலிலும் பிளாஸ்திரி. ஓய்வு பெற்றால் நேரம் தாராளமாகக் கிடைக்கும் என்று நீ சொன்னதை நம்பி ஏமாந்தவள் நான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

உன் நாத்தனார் மகள் கணவனோடும் இரண்டு குழந்தைகளோடும் ஃபுளோரிடாவுக்கு, டிஸ்னி வேர்ல்டுக்குப் போகப்போகிறாள் என்று எழுதியிருந்தாய். "எந்த மாதம் போகலாம், அத்தை?" என்று அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். நீ வாயைத் திறந்தால் மூட முடியாது என்று பயந்து, "யோசித்துச் சொல்கிறேன்" என்று நழுவிவிட்டாயாம். எவ்வளவு சொல்வது, எதை விடுவது என்று என்னிடம் கேட்கிறாய். "உனக்குத்தான் இதில் அனுபவம் அதிகம்" என்ற வரியின் குத்தல் புரியாமல் இல்லை. அந்தப் பதினொரு பக்கத்தை நீ மறக்கவே மாட்டாய்.

நடந்ததை முழுதாக உனக்கு நான் சொன்னதில்லை. 2016-இல் என்னோடு வேலை பார்த்த ஒருத்தி, "டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறோம், ஏதாவது குறிப்பு இருந்தால் சொல்லுங்கள்" என்றாள். அது மரியாதைக்காகக் கேட்டது. பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் "கடிதம் போடுகிறோம்" என்பார்களே, அந்த வகை. நான் உட்கார்ந்து இரண்டு இரவு தட்டச்சு செய்தேன். காலை எத்தனை மணிக்கு வாசலில் நிற்க வேண்டும், உள்ளே போனதும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த ரைடுக்கு எப்போது போனால் வரிசை குறையும், ஊர்வலம் பார்க்க எந்த மரத்தடி, மதியம் வெயில் ஏறியதும் எங்கே ஒதுங்க வேண்டும். பதினொரு பக்கம், வரைபடத்தோடு. அவள் நன்றி சொன்னாள். அப்புறம் என் மேசைப் பக்கம் வருவதே குறைந்தது.

திரும்பி வந்தபின் ஒருநாள், "ஒன்று சொல்லட்டுமா, கோபித்துக்கொள்ளக் கூடாது" என்று ஆரம்பித்தாள். அவள் கணவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, "ஏழாம் பக்கம் என்ன சொல்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். பத்து நிமிடம் பிந்தினால் குழந்தைகளை விரட்டியிருக்கிறார். இரண்டாம் நாள் மாலை மகள், "அந்த ஆன்ட்டி இல்லாத ஒரு இடத்துக்குப் போகலாமா?" என்று கேட்டுவிட்டாளாம். ஆயிரம் மைல் தள்ளி வீட்டில் இருந்த நான் அவர்கள் கூடவே நடந்துகொண்டிருந்திருக்கிறேன், பாவம்.

இதைக்கூடச் சிரித்துக் கடந்துவிடலாம். யெட்டி விஷயம்தான் இன்றும் உறுத்துகிறது. அங்குள்ள பூங்காக்களில் ஒன்றான அனிமல் கிங்டமில் 2006-இல் திறந்த எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் ரைடு உனக்குத் தெரியும்: ரயில் மலை ஏறி, பிய்த்தெறியப்பட்ட தண்டவாளத்தின் முன்னால் நின்று, இருட்டில் பின்னோக்கிப் பாயும். கடைசியில் அந்தப் பனிமனிதனின் உருவம் தலைக்கு மேலே வரும். அது முதலில் கையை வீசிப் பாய்கிற இயந்திரமாகத்தான் இருந்தது. திறந்து அதிக நாள் ஆகும் முன்பே அசைவு நின்றுபோனது. மின்னி மின்னி அணையும் விளக்கொன்றைப் போட்டு, அசைவது போன்ற தோற்றத்தைக் கொண்டுவந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்பதாம் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், "யெட்டி அசையாது, விளக்கு வேலைதான், ஏமாற வேண்டாம்" என்று எழுதினேன். அவள் மகனுக்கு அப்போது பத்து வயது. அவன் அங்கே விளக்கைத் தேடினான், விளக்கைப் பார்த்தான். பயப்படுவதற்கென்றே வரிசையில் நின்ற ஒரு பையனின் அலறலை நான் வீட்டிலிருந்தபடியே பறித்துவிட்டேன். அந்த அடைப்புக்குறியால் யாருக்கு என்ன லாபம்? எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொண்டதைத் தவிர ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு வாய்க்குப் பூட்டு. 2019-இல் என் தங்கை மகன் குடும்பத்தோடு ஒரு தீம் பார்க்குக்குக் கிளம்பினான். எந்தப் பூங்கா என்பது வேண்டாம், எங்கும் நடக்கக்கூடியதுதான். "போய் மகிழ்ச்சியாக இருந்துவிட்டு வாருங்கள்" என்று ஆசீர்வாதம் மட்டும் செய்து அனுப்பினேன். என் அடக்கத்தை நானே மெச்சிக்கொண்டேன். அங்கே என்ன நடந்தது? குழந்தை ஆறு மாதமாகக் கனவு கண்ட ரோலர் கோஸ்டரின் வாசலில் உயரம் பார்க்கும் கோலை வைத்தார்கள். இரண்டு விரற்கடை குறைவு. அவள் அழுத அழுகையில் அன்றைய பகல் போயிற்று. தாயும் தகப்பனும் முறைபோட்டு, ஒருவர் வரிசையில் நின்று ஏறி இறங்கி வந்தபின் மற்றவர் அதே வரிசையின் வாலில் போய் நின்றிருக்கிறார்கள். பெரிய பூங்காக்கள் பலவற்றில், வாசல் ஊழியரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் இரண்டாம் ஆள் முழு வரிசையும் நிற்க வேண்டியதில்லை. ரைடர் ஸ்விட்ச் என்பார்கள். கோலும் எனக்குத் தெரியும், இந்த வசதியும் தெரியும். "பெரியம்மா, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று அவன் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

இந்த இரண்டு சூடும் பட்ட பிறகு எனக்கென்று ஒரு சல்லடை வைத்திருக்கிறேன். அங்கே போய் நின்றபின் தெரிந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது என்றால் வாயை மூடிக்கொள்வேன். அங்கே போய்த் தெரிந்தால் காலம் கடந்துவிடும் என்றால் அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். ஊர்வலம் பார்க்கிற மரத்தடியை அவர்களே கண்டுபிடிப்பார்கள். நல்ல மரமாக இல்லாவிட்டால் அது அவர்களுடைய மோசமான மரமாக இருந்துவிட்டுப் போகட்டும். உயரம் அப்படி இல்லை. அதை வீட்டுச் சுவரில் பென்சிலால் குறித்துப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அதிலும் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஸ்பேஸ் மவுண்டன் என்ற ஒரே பெயரில் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் ஒரு ரைடு, ஃபுளோரிடாவில் ஒரு ரைடு. அங்கே 102 செ.மீ. இருந்தால் போதும், இங்கே 112 வேண்டும். கலிஃபோர்னியா போய்வந்த யாராவது அவளிடம் "நம் பிள்ளை ஏறினானே, ஒன்றும் சொல்லவில்லையே" என்று முந்திக்கொள்ளும் முன் நீ பேசிவிடு.

இடத்தின் பரப்பையும் சொல். முதல்முறை போகிறவர்கள் அது ஒரு பூங்கா, ஒரு நாள் போதும் என்றுதான் நினைக்கிறார்கள். மொத்தம் கிட்டத்தட்ட 100 சதுர கிலோமீட்டர். 1971-இல் திறந்த மேஜிக் கிங்டமில் தொடங்கி 1998-இல் திறந்த அனிமல் கிங்டம் வரை நான்கு தனித்தனிப் பூங்காக்கள். மேஜிக் கிங்டமுக்குக் காரில் போனால் கார் நிறுத்தும் இடத்திலிருந்து வாசலுக்கு மோனோரயிலோ படகோ பிடித்துத்தான் போக வேண்டும். வாசல் திறக்கும் நேரத்தை மட்டும் பார்த்துக் கிளம்புகிறவர்கள் அந்த ஏரிக்கரையிலேயே ஒரு மணி நேரத்தைத் தொலைப்பார்கள். இதையெல்லாம் அங்கே போய்க் கற்றுக்கொள்வதில் ஒரு சுவையும் இல்லை.

இன்னொன்று. என் பதினொரு பக்கத்தைப் போன வாரம் புதுக்கண்ணோடு எடுத்துப் படித்தேன். தேறுவது ஒன்றரைப் பக்கம். நீண்ட வரிசையில் நிற்காமல் ரைடில் ஏற 1999-இல் காகிதச் சீட்டாக வந்த ஃபாஸ்ட்பாஸ் பிறகு மணிக்கட்டுப் பட்டைக்கு மாறியது. நான் எழுதியபோது, அங்கேயே ஹோட்டலில் தங்குகிறவர்கள் 60 நாளுக்கு முன்பு, மற்றவர்கள் 30 நாளுக்கு முன்பு, காசில்லாமல் பதிவு செய்துகொள்ளலாம். 2021-இல் அது போய்க் காசு கட்டுகிற ஜீனி பிளஸ் வந்தது. 2024 ஜூலையில் அதுவும் பெயர் மாறி லைட்னிங் லேன் மல்டி பாஸ் ஆனது. இப்போது அங்கே தங்குகிறவர்களுக்கு ஏழு நாள், மற்றவர்களுக்கு மூன்று நாள். 'கட்டாயம் நனையுங்கள்' என்று நான் அடிக்கோடிட்டிருந்த ஸ்பிளாஷ் மவுண்டனை 2023 ஜனவரியில் மூடிவிட்டார்கள். அதே அருவியில் அடுத்த ஆண்டு வேறு கதை ஓடத் தொடங்கியது. எல்லாவற்றையும் விட, மதிய வெயிலுக்கு நான் பொக்கிஷமாக வைத்திருந்த இடம், தெப்பத்தில் ஏறிப் போகிற டாம் சாயர் தீவு, 2025 ஜூலையோடு அதுவும் முடிந்தது. ஆற்றோடு சேர்த்து. அந்த மரநிழலை நம்பி இன்றைக்கு ஒரு குடும்பத்தை நான் அனுப்பியிருந்தால் கட்டுமான வேலித் தகட்டின் முன்னால் போய் நின்றிருப்பார்கள்.

ஆகவே நீ இரண்டு முறை போனதையும் நான் நான்கு முறை போனதையும் பெரிய மூலதனமாக எண்ண வேண்டாம். பதிவு முறை பற்றிப் பேச்சு வந்தால் "போகிற மாதத்தில் அவர்களுடைய செயலியில் பார்த்துக்கொள்" என்பதோடு நிறுத்து. நம் காலத்து முறையை விளக்க ஆரம்பிக்காதே. நமக்கு அது இனிக்கும், அவளுக்குத் தலைவலி.

இனிப்பது ஏன் என்று யோசித்தேன். படுத்துக் கிடந்த வாரத்தில் யோசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. எழுதிய அந்த இரண்டு இரவும் நான் மறுபடி அங்கே போயிருந்தேன், அவ்வளவுதான். டிக்கெட் எடுக்காமல், கால் வலிக்காமல். அவளுக்காக எழுதினேன் என்பது பாதிப் பொய். யாராவது போகிறேன் என்று சொன்னால் நமக்குள் ஒரு பெட்டி தானாகத் திறந்துகொள்கிறது. அதிலிருப்பதை எடுத்துக் காட்ட எதிரே ஒரு முகம் தேவைப்படுகிறது.

ஆனால் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காதே. நாவலின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் அந்த ரகம். அவர் கேட்டபோது ஒன்றரை மணி நேரம் பேசினேன். போதாது என்று மறுநாளும் வந்தார். அவருக்கு யெட்டியையும் சொன்னேன், விளக்கையும் சொன்னேன், பரம திருப்தி. உன் நாத்தனார் மகள் எந்த ரகம் என்பது உனக்குத்தான் தெரியும். ஒரே கேள்வி கேட்டுவிட்டு ஒரு மாதம் காத்திருக்கிறவள் அந்த ரகமாக எனக்குத் தோன்றவில்லை.

1998-இல் நாம் இருவரும் போனது நினைவிருக்கிறதா? ஹான்டட் மேன்ஷன் என்ற பேய் வீட்டு ரைடில் அந்த எட்டுப்பக்க அறை. கதவு மூடிக்கொண்டது, சுவரில் இருந்த படங்கள் நீண்டன, அறையே மேலே மேலே வளர்ந்தது. நான் உன் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகக்குறி பதிந்தது. நீயும் என்னைப் போலவே வாய் பிளந்து நின்றாய். வெளியே வந்து, சாயங்காலம், பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னாய், எல்லாம் முன்பே படித்திருந்தேன் என்று. கலிஃபோர்னியாவில் ஆட்களை ரயில் பாதைக்கு அடியில் கொண்டுபோக வேண்டியிருந்ததால் அந்த அறை உண்மையில் கீழே இறங்கும் லிஃப்ட். ஃபுளோரிடாவில் அந்தத் தேவை இல்லாததால் கூரைதான் மேலே போகிறது. உள்ளே நிற்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று அத்தனையும் சொன்னாய். "அடிப்பாவி, முன்பே ஏன் சொல்லவில்லை?" என்று நான் கேட்டதற்கு நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். இப்போது நீ என்னிடம் யோசனை கேட்கிறாய்!

எந்த மாதம் என்ற கேள்விக்கு வருகிறேன். பள்ளி விடுமுறை அவர்கள் கையைக் கட்டவில்லை என்றால் ஜனவரி பின்பாதியும் பிப்ரவரி தொடக்கமும் நல்லது. கூட்டம் குறைவு, வெயிலும் இருக்காது. செப்டம்பரிலும் கூட்டம் குறையும், ஆனால் புழுக்கம். அதோடு ஜூன் முதல் நவம்பர் கடைசி வரை சூறாவளிக் காலம் என்பதைச் சொல்லிவிடு. டிசம்பர் கடைசி வாரம் வேண்டவே வேண்டாம், மனிதத் தலைகளைத்தான் பார்க்கலாம்.

இதைச் சொல்லிவிட்டு, எத்தனை நாள் போகிறார்கள் என்றும் சின்னவன் எவ்வளவு உயரம் என்றும் கேள். செருப்பைக் கழற்றி நிறுத்தி அளக்கச் சொல். 112-க்குப் பக்கத்தில் இருந்தால் எனக்கும் எழுது. இரண்டு மாதம் தள்ளிப்போனால் வளர்ந்துவிடுவானா என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.

பதினொரு பக்கத்தைக் கேட்டு எழுதாதே, தரமாட்டேன். வலது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள்.

அன்புடன்,
உன் தோழி