பாப்பாவுக்கு, திருவையாற்றிலிருந்து

அன்புள்ள பாப்பா,

நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது பின்னால் ஒரே சிரிப்பும் காற்றுச் சத்தமுமாக இருந்தது. யாரம்மா என்று கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா, டிவி" என்றாய். நீ தோழிகளோடு கடற்கரைக்குப் போயிருந்தாய் என்று அப்புறம் உன் சித்தி பெண் சொல்லித்தான் தெரிந்தது. அப்பா டயாலிசிஸ் மெஷினில் படுத்திருக்கிறார், நாம் கடற்கரையில் சிரித்துக்கொண்டிருக்கிறோம் என்று உனக்குக் கூச்சமாக இருந்திருக்கும். எனக்கு அது மனதைப் பிசைந்துவிட்டது. போனில் பேசினால் ரத்தத்தில் கிரியேட்டினின் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு, வெயிட் எத்தனை கிலோ ஏறியது என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கஷ்டமே இல்லை என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். என் சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை, ரத்தத்தைச் சுத்தம் செய்வதை, அந்த மெஷின்தான் செய்கிறது. செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். உடம்பில் சேர்ந்த தண்ணீரை மெஷின் கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டால் கெண்டைக்கால் சதை முறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சில நாள் பி.பி. இறங்கிக் கண் இருட்டும். வீட்டுக்கு வந்தால் மறுநாள் காலை வரை உடம்பில் தெம்பு இருக்காது. வழக்கமாகப் பார்க்கிற படுக்கையில் ஒருநாள் வேறு ஆள் படுத்திருந்தால், யாரும் எதுவும் கேட்பதில்லை. அன்றைக்கு அந்த அறையில் பேச்சே இருக்காது. இதெல்லாம் உண்மை. இதோடு கூடவே நடக்கிற இன்னொன்றும் உண்மை. அதை நான் உனக்குச் சொல்லவே இல்லை, நீயும் கேட்கவில்லை.

தண்ணீர்க் கணக்கிலிருந்து சொல்கிறேன். எனக்குச் சிறுநீர் குறைந்துவிட்டதால் நாள் முழுவதற்கும் ஒரு லிட்டருக்குள்தான். காபி, ரசம், மோர் எல்லாம் அதில் சேர்த்தி. காலையில் அம்மா ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி மேஜைமேல் வைத்துவிடுவாள். காபி குடித்தால், குடித்த அளவுக்குப் பாட்டிலிலிருந்து தண்ணீரை எடுத்துக் கொல்லையில் இருக்கும் கனகாம்பரத்துக்கு ஊற்றிவிட வேண்டும். ரசத்துக்கும் அப்படியே. பாட்டிலில் மீதி எவ்வளவோ, அவ்வளவுதான் அன்றைக்கு எனக்கு. இந்த ஏற்பாட்டில் கனகாம்பரம் நன்றாகச் செழித்துவிட்டது. அம்மா தினமும் தலையில் வைத்துக்கொள்கிறாள்.

முன்பெல்லாம் பேப்பர் படித்துக்கொண்டே காபியைக் குடித்து முடித்துவிடுவேன். குடித்ததே தெரியாது. இப்போது காபி வந்தால் பேப்பரை மடித்து வைத்துவிடுகிறேன். அரை டம்ளர்தான். ஆனால் அந்த மணம், உதட்டில் படுகிற சூடு, கடைசி வாயில் நிற்கிற கசப்பு எல்லாம் எனக்கு நன்றாகத் தெரிகிறது. மத்தியானம் நாக்கு வறண்டால் ஒரு சின்ன ஐஸ் துண்டு. ஒரு மடக்குத் தண்ணீரைவிட அது வாயில் அதிக நேரம் நிற்கும். வெயில் காலத்தில் அந்த ஐஸ் துண்டுக்காகக் காத்திருப்பதே எனக்கு ஒரு ஆனந்தம் என்று சொன்னால் நீ நம்ப வேண்டும்.

சாப்பாடும் அப்படித்தான். காய்களைப் பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். பொட்டாசியம் பாதி அதிலேயே போய்விடும் என்கிறார்கள். இளநீர், வாழைப்பழம், கீரை எல்லாவற்றுக்கும் தடை. தாகத்துக்குப் பெரிய காரணம் உப்பு என்பது எனக்கு இப்போதுதான் புரிந்தது. உப்பைக் குறைத்தபின் தாகமும் தானாக அடங்கியது, நாக்கும் மாறியது. புடலங்காய்க்கு இயல்பிலேயே ஒரு இனிப்பு உண்டு, உனக்குத் தெரியுமா? இத்தனை வருஷம் சாப்பிட்டும் எனக்குத் தெரியாது. நீ அன்போடு அனுப்பிய சோடியம் குறைந்த உப்பை மட்டும் டயட்டீஷியன் வேண்டாம் என்றார். அந்த மாதிரி உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்குமாம். என்னைப் போன்றவர்களுக்கு அது இதயத்துக்கே ஆபத்து. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். நீ வருத்தப்படாதே, நம் வீட்டில் யாருக்குமே இது முன்னால் தெரிந்திருக்கவில்லை.

எனக்குச் சிறுநீரகம் கெட்டது பி.பி.யால், சர்க்கரை கிடையாது என்பது உனக்குத் தெரியும். அதனால் எப்போதாவது சனிக்கிழமை திரும்பி வரும்போது ஒரு கரண்டி அசோகா அல்வா உண்டு, சூடாக, நெய் மினுமினுக்க. அதை டாக்டரிடம் சொல்லி அனுமதி வாங்கித்தான் சாப்பிடுகிறேன், அம்மாவிடம் புகார் சொல்ல வேண்டாம்.

தஞ்சாவூர் போகிற பஸ்ஸில் எனக்கு எப்போதும் ஜன்னல் சீட். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து பாலம் வரும். வேலைக்குப் போன காலத்தில் இதே வழியில் எத்தனையோ வருஷம் போய்வந்தேன், பாதி நாள் தூக்கம். இப்போது ஒவ்வொரு ஆற்றிலும் தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தக் கரையில் நாணல் பூத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போகிறேன். ஆடிப்பெருக்கன்று புஷ்ய மண்டபப் படித்துறையில் நிற்க இடமில்லை. புதுத் தாலிக்கயிறு மாற்றுகிற பெண்களும் சப்பரம் இழுக்கிற பிள்ளைகளுமாக ஒரே கூட்டம். எலுமிச்சை சாதம் எனக்கு, மற்ற சாதங்களில் ஒவ்வொரு வாய். முழங்கால் அளவுத் தண்ணீரில் வெகுநேரம் நின்றேன்.

மெஷின் அறையிலும் எனக்கு ஒரு நட்பு கிடைத்திருக்கிறது. அடுத்த படுக்கைக்காரர் நாகஸ்வரம் வாசித்தவர். இப்போது மூச்சு போதவில்லை என்று வாத்தியத்தை எடுப்பதில்லை. ஆனால் ஊசி குத்தி மெஷின் ஓட ஆரம்பித்ததும் மெல்லப் பாட ஆரம்பிப்பார். என்ன ராகம் என்று நான் சொல்ல வேண்டும். பைரவிக்கும் முகாரிக்கும் எனக்கு இன்னும் தடுமாற்றம்தான். அவர் பொறுமையாக மறுபடி பாடுவார். டெக்னீஷியன் பெண்ணும் நின்று கேட்கும். திருவையாற்றில் பிறந்து வளர்ந்தும், தை மாதம் ஆராதனைப் பந்தலில் உட்கார்ந்தும் எனக்கு வராத சங்கீதம், இந்த அறையில் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. என் இடது கையில் டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்து பிஸ்டுலா வைத்த இடத்தில் ரத்தம் வேகமாக ஓடுகிற அதிர்வு இருக்குமே, காலையில் கண் விழித்ததும் அதைத் தொட்டுப் பார்ப்பேன். ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ளத் தொடச் சொல்லியிருக்கிறார்கள். தம்புராவின் மேல் கை வைத்த மாதிரி இருக்கும். ஒரு நாள் ஆரம்பிக்க அது எனக்குப் போதும்.

உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. நீ இருக்கிற அந்த நெதர்லாந்தில்தான் நடைமுறையில் பயன்படுகிற மாதிரி முதன்முதலாக இந்த மெஷினைச் செய்தார்கள். காம்பன் என்ற ஊரில், 1943இல், ஜெர்மன் ராணுவம் நாட்டைப் பிடித்து வைத்திருந்த நேரத்தில், வில்லெம் கோல்ஃப் என்ற இளம் டாக்டர் செய்தது. மாமிசம் அடைக்கிற செலோபேன் குழாயை ஒரு உருளையில் சுற்றி, உப்புநீர்த் தொட்டியில் சுழலவிட்டார். முதலில் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அவர் விடவில்லை. 1945இல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் மயக்கத்திலிருந்து கண் விழித்தார். போர் முடிந்ததும், தான் செய்த மெஷின்களை வேறு நாட்டு மருத்துவமனைகளுக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார். பிறகு 1960இல் அமெரிக்காவில் ஸ்கிரிப்னர் என்ற டாக்டர், கையில் நிரந்தரமாகக் குழாய் பொருத்தி, திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய வழி கண்டார். 1966இல் பிஸ்டுலா முறை வந்தது. இதெல்லாம் எனக்குப் பத்து வயது ஆவதற்குள் நடந்தவை. கொஞ்சம் முன்னால் பிறந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

நீ ஒருநாள் காம்பனுக்குப் போய் வா. நீ இருக்கிற ஐந்தோவனிலிருந்து ஸ்வோலே போய், அங்கே சின்ன ரயில் மாற வேண்டும். ஐசல் ஆற்றங்கரை ஊர், பழைய கோட்டை வாசல்கள் இன்னும் இருக்கின்றனவாம். தோழிகளையும் கூட்டிப் போ. நன்றாகச் சாப்பிடு, ஆற்றங்கரையில் உட்காரு, நிறைய போட்டோ எடு. நாகஸ்வரக்காரருக்கும் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். நீ அங்கே சந்தோஷமாக இருப்பதைக் கேட்பது எனக்கு மருந்துக்கு மேல். அதை மறைத்தால் எனக்கு வர வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொள்கிறாய் என்றுதான் அர்த்தம்.

உன் சிறுநீரகத்தைத் தருவதாகச் சொன்னாயே, அதைப் போனிலோ கடிதத்திலோ பேச எனக்கு மனமில்லை. பொங்கலுக்கு வரும்போது நேரில் பேசுவோம். அரசு உறுப்பு மாற்று ஆணையத்தில் என் பெயர் பதிந்திருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டில் டயாலிசிஸ் நடக்கிறது, அதனால் பணமும் கூடுதலாக அனுப்ப வேண்டாம்.

செவ்வாய், வியாழன், சனி ராத்திரி கூப்பிடாதே, பேசத் தெம்பு இருக்காது. மற்ற நாளில் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு. ரிப்போர்ட் எண்களை அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாள். போனில் முதலில் உன் கதையைச் சொல், கடற்கரையிலிருந்து ஆரம்பி.

அன்புடன்,
அப்பா