கிரிப் மீட்டர் சொல்லாதத ஒரு துண்டு காகிதம் சொல்லிருச்சு

மச்சான்,

எப்படிடா இருக்க? அம்மா முட்டி ஆப்பரேஷனுக்கு அப்புறம் மாடிப்படி ஏறுறாங்கன்னு கேட்டதுல மனசே நெறஞ்சு போச்சு. இங்க பினாங்குல வெயில் மண்டைய பொளக்குது. நீ கேட்டியே, கோலாலம்பூர்ல உங்க கிளினிக்குக்கு ஜாமார், அதான் கை அமுக்குற பலத்த கிலோல காட்டுற கிரிப் மீட்டர், ஒண்ணு வாங்கிட்டா கை கேஸுக்கு போதுமான்னு, அது வாட்ஸ்அப்ல ரெண்டு வரில முடியுற விஷயம் இல்ல.

வாங்கு, கண்டிப்பா வாங்கு. ஆனா அத மட்டும் நம்பாதடா.

லிட்டில் இந்தியால பூ கட்டுற அக்கா ஒருத்தங்க வந்தாங்க, "தம்பி, நாரு விரல்ல நிக்க மாட்டேங்குது, முடிச்சு போடுறப்ப நழுவுது"ன்னு. வேற ஒரு இடத்துல மீட்டர அமுக்க சொல்லிட்டு பலம் நல்லாத்தான் இருக்குன்னு அனுப்பிட்டாங்களாம். நானும் உக்கார வச்சு, தோள் உடம்போட ஒட்டி, முழங்கை 90 டிகிரி மடக்கி, கைப்பிடி ரெண்டாவது இடத்துல, மூணு தடவ அமுக்க சொல்லி சராசரி எடுத்தேன், வலது 22 கிலோ, இடது 23. ஆசியாக்காரங்களுக்கு 2019ல வச்ச அளவுப்படி பொம்பளைங்களுக்கு 18க்கு கீழ போனாத்தான் பலவீனம், அப்போ நம்பர் படி அக்கா பாஸ்.

ஆனா வலது கைய கவுத்து பாக்குறேன், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல மேடா இருக்க வேண்டிய சதை பள்ளமா கெடக்கு. ஒரு காகிதத்த அந்த ரெண்டு விரலுக்கு நடுவுல பக்கவாட்டுல பிடிக்க சொல்லி இழுத்தேன், கட்டை விரல் நுனி டக்குனு மடங்குது, இதத்தான் ஃப்ரோமென்ட் சைன்னு சொல்றோம்டா, முழங்கை வழியா சுண்டு விரல் பக்கம் போற அல்னார் நரம்பு சரியா வேல செய்யலன்னு அர்த்தம். இறுக்கி அமுக்குறது பெரும்பாலும் முன்கைல இருக்குற பெரிய தசைங்க வேல, நாரு பிடிக்க உள்ளங்கைக்குள்ள இருக்குற சின்ன தசைங்க வேணும், அதுங்க சோர்ந்து போனத மீட்டர் ஊசி எப்பவும் காட்டிக் குடுக்காது. வேல பாக்குறப்ப எப்படி உக்காருவீங்கன்னு கேட்டா, நாள் பூரா மேசை விளிம்புல முழங்கைய ஊனிக்கிட்டுதான்னு சொல்றாங்க.

அப்புறம் தசை பலத்துக்கு 0லேருந்து 5 வரைக்கும் போடுற மார்க் இருக்கே, விரலுக்கு அதுவும் பத்தாது. விரலுக்கு எடை எவ்ளோ இருக்கும், புவியீர்ப்ப எதிர்த்து தூக்கிட்டான்னு 3 போடுறதுல என்ன தெரியுது, மிச்சம் எல்லாத்தையும் 4ன்னு எழுதி ஃபைல மூடிருவாங்க. நான் இப்பல்லாம் என் ஆள்காட்டி விரல அவங்க விரலோட மோத விட்டு ரெண்டு கையையும் ஒப்பிட்டு பாக்குறேன், விரல் பிடியோட பலத்த அளக்குற பின்ச் கேஜுல சாவி பிடிக்கிற மாதிரி பிடிக்க சொல்லி கிலோவும் எழுதி வைக்கிறேன்.

உங்க பக்கம் சுங்கை பூலோல 1930ல தொழுநோயாளிங்களுக்கு குடியிருப்பு கட்டுனாங்கல்ல, நரம்ப தாக்குற அந்த நோய்ல தசை பலத்த இன்னிக்கும் கருவியே இல்லாமதான் பாக்குறாங்க, சுண்டு விரல் வெளிய, கட்டை விரல் மேல, மணிக்கட்டு மேல, மூணே அசைவுல மூணு நரம்பு.

அக்காவ டாக்டர்கிட்ட அனுப்பி நரம்பு டெஸ்ட் எடுத்தாச்சு, முழங்கைலதான் அழுத்தம். இப்போ மேசைல மெத்து போட்டுத்தான் பூ கட்டுறாங்க, நேத்து வந்தாங்க, காகிதம் இன்னும் நழுவுது, ஆனா ராத்திரி மரத்துப் போறது கொறஞ்சிருக்குன்னாங்க. தைப்பூசத்துக்கு முன்னாடி மறுபடி அளக்கணும்.

பின்ச் கேஜ் சேத்து ஆர்டர் பண்ணுடா.