அண்ணா, அந்த மலையில் நான் 65 கிலோ இல்லை

அன்புள்ள அண்ணா,

மார்ச் முதல் சனிக்கிழமை கணினித் திரையில் நடந்த சைக்கிள் மலை ஓட்டத்தில் உங்களை 1 நிமிடம் 40 செக்கனால் முந்தி நான் முதலாவதாக வந்தேன். அந்த முதலாம் இடம் உங்களுடையது. வென்றதை ஊரே படிக்கும்படி இங்கே எழுதினேன். அதனால் இதையும் இங்கேயே எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் உங்களுக்கு மட்டும் இரண்டு வரி போட்டு முடித்துவிட மனம் கேட்கவில்லை.

மார்ச் கடைசி ஞாயிறு எங்கள் பக்கத்தில் இரத்ததான முகாம் நடந்தது. தாதி படிவத்தை நிரப்பிக்கொண்டே நிறை எவ்வளவு என்று கேட்டார். 65 என்றேன். யோசிக்கவே இல்லை, வாயிலிருந்து தானாக வந்தது. "ஏறி நில்லுங்கோ தம்பி, பாத்துத்தான் எழுத வேணும்" என்றார். தராசு 71 காட்டியது. இறங்கி, சப்பாத்தைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினேன். அப்போதும் 71க்குக் கிட்டத்தான். இரத்தம் கொடுத்துக்கொண்டு படுத்திருந்த அந்த நேரம் முழுக்க எனக்கு அந்த மலைதான் ஞாபகம்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, செயினை ட்ரெயினரில் இருக்கும் பற்சக்கரத்தில் மாட்டுவோம். எத்தனை வாட் பலத்தில் மிதிக்கிறோம் என்பதை அது அளந்து கணினிக்கு அனுப்பும். திரையில் ஏற்றம் வந்தால் ட்ரெயினர் தானாக இறுகும், இறக்கம் வந்தால் இளகும். நாங்கள் ஓடுவது ஸ்விஃப்ட் என்ற மென்பொருளில். 2014இல் தொடங்கியது. அதில் வாட்டோபியா என்று ஒரு கற்பனைத் தீவு இருக்கிறது. ஒஸ்லோவில் நீங்கள், ஸ்காபரோவில் மச்சான், லண்டனில் இரண்டு பேர், திருகோணமலையில் நான் என்று பதினொரு பேர் சனிக்கிழமைகளில் அந்தத் தீவில்தான் சந்திக்கிறோம்.

திரையில் நமது வேகத்தை முடிவு செய்வது மிதிக்கிற பலம் மட்டும் இல்லை, நிறையும்தான். பலத்தை ட்ரெயினர் அளக்கும். நிறையை யாரும் அளப்பதில்லை, நாமே தட்டிக் கொடுக்கிறோம். சமதரையில் ஐந்தாறு கிலோ பெரிதாக ஒன்றும் செய்யாது. ஏற்றத்தில் எல்லாமே அதுதான், ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் என்ற கணக்குத்தான்.

நாங்கள் ஏறியது அல்ப் டு ஸ்விஃப்ட். பிரான்சின் அல்ப் டுவெஸ் மலைப்பாதையை அப்படியே பார்த்துச் செய்தது. அதே 21 கொண்டை ஊசி வளைவுகள் (அடிவாரத்தில் 21, உச்சியில் 1 என்று எண் இறங்கிக்கொண்டே போகும்), 12.2 கிலோமீற்றர், 1,036 மீற்றர் உயரம். 1952இல் டூர் டி பிரான்ஸ் முதன்முதலாக அங்கே ஏறியபோது ஃபவுஸ்டோ கோப்பி வென்ற மலை. எங்கள் ஊரில் ஏற்றம் என்று எதைச் சொல்வது? கோட்டை வாசலால் நுழைந்து, மான்களை விலத்திக்கொண்டு கோணேசர் கோயிலுக்கு ஏறினால் சில நிமிடம். உவர்மலை ஏறினால் அதைவிடக் குறைவு. மற்றதெல்லாம் சமதரை, கடல், காற்று. கச்சான் காலத்தில் நிலாவெளி வீதியில் அந்தச் சூட்டுக் காற்றோடு மல்லுக்கட்டுவதைத்தான் நான் மலை என்று வைத்திருந்தேன். அதனால் இந்த மலைமேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியும்.

ஓட்டத்தன்று இங்கே இரவு ஏழு மணி. விறாந்தைக்குப் பக்கத்து அறை, இரண்டு ஃபான், ஹாண்டிலில் ஒரு துவாய், மூன்று போத்தலில் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர். வீட்டுக்குள் மிதித்தால் எதிர்காற்று என்று ஒன்று இல்லை. வெக்கை உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும். பத்தாவது வளைவில் கீழே போட்டிருந்த ரப்பர் விரிப்பில் வியர்வை குளமாக நின்றது. உங்கள் பெயர் எனக்கு முன்னால் 20 செக்கனில் இருந்தது. ஏழாவது வளைவில் பிடித்தேன். பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. உச்சிக்கு 65 நிமிடம் 40 செக்கன், சராசரி 200 வாட். அந்த 200 வாட் உண்மை அண்ணா, அது என் கால். நான் பொய் சொன்னது நிறையில்.

முகாமிலிருந்து வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6 கிலோவை 1,036 மீற்றர் உயரத்துக்குத் தூக்க ஏறக்குறைய 61,000 ஜூல் வேண்டும். 200 வாட்டில் மிதிக்கிறவனுக்கு அது 305 செக்கன். ஐந்து நிமிடம்! சரியான நிறையைப் போட்டிருந்தால் 70 நிமிடத்தைத் தாண்டியிருப்பேன். ஏழாவது வளைவில் உங்களைப் பிடிப்பது எங்கே, உங்களைக் கண்டிருக்கவே மாட்டேன். அன்று நான்காவதாக வந்த லண்டன் தம்பிக்கும் பின்னால்தான் வந்திருப்பேன்.

தெரியாமல் நடந்தது என்று எழுதினால் இன்னொரு பொய்யாகிவிடும். 65 என்று தட்டியது நீங்கள்தான். 2023இல் ஊருக்கு வந்தபோது, சாமான்களைக் குறைத்து, பயணப்பெட்டியில் பாதியை இந்த ட்ரெயினருக்கே கொடுத்துக் கொண்டுவந்தீர்கள். அன்றிரவே பூட்டி, என் பெயரைப் பதிந்து, தராசில் ஏறச்சொல்லி, பார்த்துத்தான் தட்டினீர்கள். அன்று 65 சரி. பிறகு வேலை மாறி, நாள் முழுக்க மேசையோடு இருக்கத் தொடங்கினேன். பெல்ட்டில் இரண்டு ஓட்டை தள்ளிப் போட்டேன். எனக்குத் தெரியாதா? போன நவம்பரில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு இரவு, நிறையை மாற்றும் பக்கத்தைத் திறந்தேன். 65 என்ற எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மூடிவிட்டேன். வீட்டுத் தராசு அலுமாரிக்குக் கீழே கிடக்கிறது. அதற்குப் பிறகு அதை வெளியே எடுக்கவே இல்லை. இதுதான் நான் செய்தது.

2020 டிசம்பர் 9ஆம் திகதி இணையவழி சைக்கிள் ஓட்டத்தின் முதலாவது உலகச் சம்பியன் போட்டி நடந்தது ஞாபகம் இருக்கிறதா? தொலைபேசியில் கதைத்தபடியே இரண்டு பேரும் பார்த்தோம். ஆண்களில் ஜேர்மனியின் ஜேசன் ஒஸ்போர்ன், பெண்களில் தென்னாபிரிக்காவின் ஆஷ்லி மூல்மன்-பாசியோ. ஒஸ்போர்ன் அப்போது துடுப்புப் படகு வீரர், அடுத்த வருடம் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி எடுத்தவர். படகோட்டி வந்து சைக்கிளில் உலகச் சம்பியன் ஆகிறான் என்று நீங்கள் துள்ளினீர்கள். ஓட்டக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே வகை ட்ரெயினர் கொடுத்திருந்தார்கள். இப்படியான பெரிய ஓட்டங்களில், தராசில் ஏறி நிற்பதைக் காணொளி எடுத்து அனுப்பினால்தான் ஓடலாம். நாங்களும் அப்படிச் செய்வோமா என்று ஸ்காபரோ மச்சான் கேட்டபோது, "நமக்குள்ள எதுக்கடா" என்று சொன்னது நீங்கள். அந்த நம்பிக்கைக்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

நிலாவெளி வீதியில் இது நடந்திருக்காது. ஒரே ஒரு லுமாலா சைக்கிளில் நீங்கள் மிதிக்க, நான் முன் பாரில் இருந்துகொண்டு உப்புவெளி, சாம்பல்தீவுப் பாலம் என்று போன நாட்களில், நான் கனத்துவிட்டேன் என்பது உங்கள் முழங்காலுக்கே தெரிந்திருக்கும். சென்றி, அதாவது சோதனைச் சாவடி வந்தால் இறங்கி, உருட்டிக்கொண்டு போய், மறுபடி ஏறுவோம். ஏறும்போது ஒவ்வொரு முறையும் "சோறு கொஞ்சம் குறை" என்பீர்கள். பிறகு எனக்கென்று ஒரு சைக்கிள் வந்தபோது, பின்னால் வருகிற என் மூச்சுச் சத்தத்தை வைத்தே வேகத்தைக் குறைப்பீர்கள். கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது 2009இல். அதற்கு முன்னர் பாதையில், அதுதான் அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவைப் படகில், சைக்கிளை ஏற்றிக்கொண்டு நிற்கும்போது என் முகத்தைப் பார்த்து, இன்றைக்கு இவ்வளவு போதும் என்று திருப்பிக் கூட்டிவந்திருக்கிறீர்கள். இப்போது உங்களுக்குத் தெரிகிற நான், 65 என்று தட்டிய ஒரு எண்ணும் கால் அனுப்புகிற வாட்டும்தான். அந்த எண்ணையாவது நான் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும்.

ஓட்டம் முடிந்ததும் நீங்கள் எடுத்த தொலைபேசி அழைப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை. "நான் குளிருக்குள்ள, நீ அந்த வெக்கைக்குள்ள, அதுதான் வெற்றி" என்றீர்கள். அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி அவவிடமும் சொன்னீர்கள். அவ அடுத்த செவ்வாய் பத்திரகாளி அம்மன் கோயிலில் நம் இருவர் பெயரிலும் அர்ச்சனை செய்தா. பிரசாதத்தை நான்தான் சாப்பிட்டேன்.

அம்மாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். வாட், கிலோ ஒன்றும் அவவுக்கு விளங்கவில்லை. கடைசியில், "அப்ப அவன்தான் முதலாவதோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். "அப்ப அவனுக்குச் சொல்லு" என்றா.

சொல்லிவிட்டேன் அண்ணா. மன்னித்துக்கொள்ளுங்கள்.

மச்சானிடம் கேட்டு அந்த நாளின் பட்டியலில் என் பெயரை எடுக்கச் சொன்னேன், எடுத்துவிட்டார். லண்டன் தம்பிக்கும் தனியே எழுதினேன். அவர் இப்போது மூன்றாவது. வென்றவர்தான் அடுத்த பாதையைத் தெரிவு செய்வது என்பது நம் வழக்கம். மார்ச்சில் நான் தெரிவு செய்தது செல்லாது, நீங்கள் தெரிவு செய்யுங்கள். மறுபடியும் அதே மலை என்றாலும் வருகிறேன். தராசை அலுமாரிக்குக் கீழிருந்து எடுத்துத் துடைத்து, ட்ரெயினருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இனி ஒவ்வொரு சனியும் ஓட்டத்துக்கு முன் ஏறி நின்று காணொளி அனுப்புவேன். நீங்கள் யாரும் அனுப்ப வேண்டாம், எனக்கு மட்டும் இது இருக்கட்டும்.

இன்றைக்கு 70.6. உங்கள் பக்கம் கோடை நேரம் தொடங்கிவிட்டது, அதனால் இங்கே ஏழு மணி உங்களுக்கு 3.30. போன கிழமை பழைய ஞாபகத்தில் 2.30க்கே வந்து காத்திருந்தீர்களாம், மச்சான் சொன்னார்.

அன்புடன்,
தம்பி
திருகோணமலை