இரண்டாவது கப்பல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் மனசில் ஓடுகிறது. "விவரம் தெரிந்தவர்கள் மட்டும் ஆண்டால் போதும்ப்பா, கூட்டத்துக்கு என்ன தெரியும்?" என்றாய். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதான் எழுதுகிறேன்.

பழைய கிரேக்கத் தத்துவ ஞானி பிளேட்டோவும் உன் கட்சிதான். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. கி.மு. 399இல் அவருடைய ஆசான் சாக்ரடீஸுக்கு மரண தண்டனை கொடுத்தது ஓர் அரசன் அல்ல. சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்த, கிரேக்க நகரமான ஏதென்ஸின் குடிமக்கள் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருந்த நீதிமன்றம். அதைக் கண்ட இளைஞர் பிற்காலத்தில் ஞானிகளே ஆளட்டும் என்று எழுதினார்.

ஆனால் அதே ஊரில் அதற்கு 28 வருஷம் முன்னால் நடந்ததையும் கேள். லெஸ்போஸ் தீவிலுள்ள மித்திலீன் நகரம் ஏதென்ஸை எதிர்த்துக் கிளம்பித் தோற்றது. ஆத்திரத்தில் மக்கள் சபை கூடி, அங்குள்ள ஆண்களைக் கொன்றுவிட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் அடிமையாக்கச் சொன்னது. ஆணையோடு கப்பலும் போய்விட்டது. விடிந்ததும் மனசு உறுத்தியது. மறுபடி சபை கூடியது. தண்டனையை மாற்றவே கூடாது என்றார் கிளியோன் என்ற அரசியல்வாதி. அவசரமும் கோபமும் நல்ல யோசனைக்கு எதிரி என்றார் டயோடோட்டஸ் என்ற இன்னொருவர். கை தூக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட சரிபாதி. டயோடோட்டஸ் பக்கம் கொஞ்சம் கூடுதல்.

முதல் கப்பல் கிளம்பி ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் ஆகியிருந்தது. தண்டனையை நிறுத்தச் சொல்லி அனுப்பிய இரண்டாவது கப்பலில் துடுப்புப் போட்டவர்கள் சாப்பிடக் கரை ஒதுங்கவில்லை. வைனும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த பார்லி மாவைத் துடுப்பு வலித்துக்கொண்டே தின்றார்கள். முறை வைத்துத் தூங்கினார்கள். முதல் கப்பல்காரர்களுக்கோ போகிற வேலையே பிடிக்காமல் மெதுவாகப் போனார்கள். மித்திலீனில் இருந்த ஏதென்ஸ் தளபதி முதல் ஆணையைப் படித்துவிட்டு நிறைவேற்றப்போகிற நேரத்தில் அடுத்த கப்பல் வந்து சேர்ந்தது. அந்தக் கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதை எழுதிய பக்கத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

சபையை நான் புனிதமாக்கவில்லை, பாப்பா. கிளர்ச்சிக்குக் காரணமென்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிறகும் கொன்றார்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே வாயே கிடையாது. ஆனாலும் பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டிலே, பலர் கொண்டுவந்து வைக்கும் விருந்து ஒருவர் செலவில் போடும் விருந்தைவிட நன்றாக இருக்கலாம் என்கிறார். ருசி தெரிவது சமைத்தவருக்கு அல்ல, சாப்பிடுபவருக்கு என்கிறார்.

சரி, ஒன்று கேட்கிறேன். உன் ஞானி ராத்திரி ஓர் ஆணை போட்டுவிட்டால், காலையில் அவரை மறுபடி யோசிக்கச் சொல்வது யார்? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா