லைசென்ஸ் இல்லாத ஆளை வைத்து கேஸ் லைன் போட்டது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: கேஸ் ஃபயர்பிளேஸ் (கேஸில் எரியும் கணப்பு) பொருத்தியது, அதற்கு இழுத்த கேஸ் லைன், இதுவரை தராத லைசென்ஸ் எண் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் கஸ்டமர் கேரில் பேசிப் பேசி வாய் ஓய்ந்துவிட்டது, அதனால் எழுத்தில் தருகிறேன். எந்த மாடல், எப்போது பொருத்தினீர்கள் என்பதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். ஒவ்வொரு முறையும் அதை முதலிலிருந்து ஒப்பிக்க வைத்தது போதும். ரிமோட்டில் பச்சை விளக்கு சிமிட்டுமே, அந்த மாடல்தான்.

நான் கேட்பது ஒன்றுதான். என் வீட்டில் கேஸ் லைன் போட்டவரின் லைசென்ஸ் எண் என்ன? உங்கள் விளம்பரத்தில் "லைசென்ஸ் பெற்ற டெக்னீஷியன்கள்" என்று கொட்டை எழுத்தில் இருந்ததை நம்பித்தான் மற்றவர்களைவிட அதிகமாகக் கேட்ட உங்களிடம் வேலையைக் கொடுத்தேன். வந்தவரிடம் லைசென்ஸைக் காட்டச் சொன்னேன். உங்கள் கம்பெனி அடையாள அட்டையை நீட்டினார். அது லைசென்ஸ் இல்லை என்றேன். "அது ஆபீஸ்ல இருக்கு" என்றார். ஆபீஸில் கேட்டால் அவரிடமே இருக்கும் என்கிறார்கள். நேரில் வந்தால் கிடைக்கும் என்று சொன்னார்கள், லீவு போட்டுவிட்டு வந்தேன். கவுண்டரில் இருந்த அம்மா, "இதெல்லாம் மெயிலில்தான் தருவோம்" என்று திருப்பி அனுப்பினார். மெயில் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் சாயங்கால நேரத்தில் போன் எடுக்கும் அந்த ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. பெயர் கேட்டால் "அது எதுக்கு உங்களுக்கு" என்பார். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் ஃபயர்பிளேஸில் தீ சிறுத்துப் போகிறது, கொஞ்ச நேரத்தில் பைலட்டும் (பற்றவைக்க எப்போதும் எரிகிற சின்னத் தீ) அணைந்துவிடுகிறது என்று அவரிடம் பொறுமையாகச் சொன்னேன். "தண்ணி திறந்தா நெருப்பு அணையுதா? அது எல்லா ஊர்லயும் அப்படித்தான் சார்" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரிடமும் அதைச் சொல்ல, அவர் சிரித்ததும் எனக்குக் கேட்டது. உங்கள் அழைப்புகள் பதிவாகின்றன என்று ஒவ்வொரு தடவையும் ஒரு குரல் சொல்கிறதே, தயவுசெய்து அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள்.

அவர் சிரித்த விஷயத்துக்குக் காரணம் உண்டு. வெளியிலிருந்து நான் கூப்பிட்ட ஃபிட்டர் (கேட்காமலே லைசென்ஸைக் காட்டினார்) குழாயைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். வாட்டர் ஹீட்டருக்குப் போகிற ஒல்லியான லைனிலேயே T வடிவ இணைப்பு போட்டு ஃபயர்பிளேஸுக்கு இழுத்திருக்கிறது உங்கள் ஆள். ஹீட்டர் எரியத் தொடங்கினால் கேஸை அது இழுத்துக்கொள்ளும், இந்தப் பக்கம் அழுத்தம் விழும். வீட்டிலுள்ள எல்லா சாதனங்களும் சேர்ந்து எவ்வளவு கேஸ் இழுக்கும், குழாய் எவ்வளவு நீளம் போகிறது என்று கணக்குப் போட்டுத்தான் குழாயின் விட்டத்தை முடிவு செய்ய வேண்டுமாம். உங்கள் ஆள் போட்ட கணக்குத்தாள் எங்கே? ஃபிட்டரும் அதைத்தான் கேட்டார். யார் போட்டது என்றே தெரியாத லைனில் கைவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இது தெரியாமல் உங்கள் ஆட்கள் தெர்மோகப்பிளை மாற்றினார்கள். அடுத்து வந்தவர் புதுசும் போச்சு என்று மறுபடி மாற்றினார், இரண்டுக்கும் பில் போட்டீர்கள். பைலட் தீயின் சூட்டில் துளி மின்சாரம் உண்டாக்கி வால்வை மூடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. தீ சிறுத்துச் சூடு குறைந்தால் பிடியை விடும், கேஸ் நிற்கும். நீங்கள் அனுப்பிய எல்லாவற்றிலும் ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான், அதைத்தான் பழுது என்று கழற்றினீர்கள்! கழற்றியபோது, உள்ளே அழகுக்கு வைத்திருக்கும் செராமிக் விறகுகளை இடம் மாற்றி அடுக்கிவிட்டதால், தீ நேராக விறகில் முட்டி கண்ணாடி முழுக்கக் கரி. கேஸ் சரியாக எரியாவிட்டால் கரியோடு கார்பன் மோனாக்சைடும் வரும், அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. இது உங்கள் கையேட்டிலேயே இருக்கும், நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், கோபத்தில் எல்லாம் முன்பின்னாக வருகிறது. முதல் நாள் வேலை முடிந்ததும், கசிவு இருக்கிறதா என்று பார்க்க உங்கள் ஆள் என்ன செய்தார் தெரியுமா? பாக்கெட்டிலிருந்து சிகரெட் லைட்டரை எடுத்துக் கொளுத்தி மூட்டில் காட்டினார். கேஜ் மாட்டி அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கவில்லை, சோப்பு நீர்கூடத் தடவவில்லை. தெர்மோகப்பிள் கூத்தெல்லாம் முடிந்த பிறகு நான்தான் சோப்பு நீரைப் பிரஷ்ஷால் தடவிப் பார்த்தேன். வால்வுக்குப் பின்னால் உள்ள நட்டில் சின்னதாக ஒரு குமிழி வந்தது, ஊதிப் பெருத்து உடைந்தது, அடுத்தது வந்தது.

உடனே உங்களுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் அதே மகானுபாவர். "புதுசா போட்டா கொஞ்சம் வாசம் இருக்கத்தான் செய்யும், ஜன்னலைத் திறந்து வைங்க" என்றார். கேஸுக்குத் தானாக வாசம் கிடையாது ஐயா. 1937-ல் டெக்ஸாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் என்ற ஊரில், கேஸ் கசிவது யாருக்கும் தெரியாமல் ஒரு பள்ளிக்கூடம் வெடித்து ஏறக்குறைய 300 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதன் பிறகுதான் அங்கே கேஸில் நாற்ற மருந்து கலப்பதைச் சட்டமாக்கினார்கள். அந்த நாற்றத்தைத்தான் இவர் "இருக்கத்தான் செய்யும்" என்கிறார்.

அப்புறம் கேஸ் சப்ளை செய்பவர்களின் அவசர எண்ணுக்குச் சொன்னேன். தாமதிக்காமல் வந்தார்கள், மெயின் வால்வை மூடினார்கள், சிவப்புச் சீட்டு மாட்டினார்கள். லைசென்ஸ் உள்ளவர் சோதித்துக் கையெழுத்துப் போடும்வரை திறக்க மாட்டார்களாம். அடுப்பில்லை, சுடுதண்ணீர் இல்லை, இந்தக் குளிரில் கணப்பும் இல்லை. இந்த வருஷமே பாழ். வீட்டு நிம்மதி போனதற்கு எந்தப் பணமும் ஈடாகாது, இருந்தாலும் பணத்தையும் கேட்கத்தான் போகிறேன்.

உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருப்பார்கள் என்று நம்புகிறேன், அதனால் முதலில் உங்களிடமே கேட்கிறேன். லைசென்ஸ் உள்ளவரை, எண்ணை முன்கூட்டியே எழுத்தில் தந்துவிட்டு அனுப்புங்கள். லைனைச் சரியான விட்டத்தில் புதிதாகப் போட்டு, என் கண்ணெதிரே பிரஷர் டெஸ்ட் செய்து, சான்றிதழ் தரச் சொல்லுங்கள். பர்மிட் எடுக்காமல் வேலை செய்திருந்தால் அதை எடுத்து ஆய்வு முடிப்பதும் உங்கள் பொறுப்பு. தெர்மோகப்பிள் பில்கள் இரண்டையும் திருப்பித் தர வேண்டும்.

ஒரு வாரம் பார்ப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் லைசென்ஸ் வழங்கும் துறைக்கும் நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் இந்தக் கடிதம் அப்படியே போகும், லைட்டர் பிடித்த படத்தோடு. ஆமாம், படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

பதில் சொல்ல யார் வேண்டுமானாலும் அழைக்கலாம், அந்தச் சாயங்காலக்காரரைத் தவிர.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில்கள், படங்கள், சிவப்புச் சீட்டின் நகல்