ஸ்கேனர் வேலை செய்கிறது: பொன்னாடையைப் பங்கிட ஒரு மடல்

அன்புடையீர்,

எங்கள் கல்வி உதவித்தொகைத் தளத்தில் இந்த ஆண்டு முதல் மாணவர்கள் தங்கள் சான்றிதழ்களைக் கைபேசிக் கேமராவிலேயே ஸ்கேன் செய்து அனுப்புகிறார்கள். தனிச் செயலி எதையும் இறக்க வேண்டாம். பிரவுசரில் பக்கத்தைத் திறந்து காகிதத்தைக் காட்டினால் போதும். சென்ற ஆண்டுவரை வருமானச் சான்றிதழுக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் பஸ் ஏறி டவுனுக்கு வந்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து ஸ்கேன் செய்த பிள்ளைகள் இவர்கள். இதற்காக அறக்கட்டளைக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆடை நல்ல ஆடைதான். அது போய்ச் சேர வேண்டிய தோள்கள் வேறு பல இருக்கின்றன.

முதலில், எங்களை அறியாமலேயே உதவியவர்கள். படத்தில் ஓரங்களைக் கண்டுபிடிக்க ஜான் கேனி 1986-இல் எழுதிய வழிமுறைதான் இன்றும் எங்கள் பக்கத்தில் ஓடுகிறது. கண்டுபிடித்த கோணல்மாணல் கோட்டை நான்கு மூலைகளாகச் சுருக்கித் தருவது, டக்ளஸும் பாய்க்கரும் 1973-இல் நிலவரைபடக் கோடுகளை எளிமையாக்கக் கண்ட முறை. இரண்டும் ஓப்பன்சிவி என்ற, படங்களை ஆராயும் ஆயத்த நிரல்களின் நூலகத்தில் தயாராக இருக்கின்றன. 1999-இல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கிய அந்த நூலகத்தை, பிற மொழி நிரலைப் பிரவுசரில் ஓடும் வடிவத்துக்கு மாற்றும் எம்ஸ்கிரிப்டனும், அந்த வடிவமான வெப் அசெம்பிளியும் பிரவுசருக்குள் கொண்டுவந்து சேர்த்தன. அதன்மேல் எழுதப்பட்ட ஜேஸ்கேனிஃபை என்ற சிறிய திறமூல (நிரலை யாரும் பார்த்து, எடுத்துப் பயன்படுத்தக்கூடிய) நூலகத்தை எடுத்துக்கொண்டுதான் நாங்கள் வேலையைத் தொடங்கினோம். இவர்களில் எவரும் எங்களிடம் ஒரு பைசா கேட்கவில்லை.

பைசா கேட்க வேண்டிய ஒருவரும் கேட்கவில்லை. கட்டணத்துக்கு ஆயத்த ஸ்கேனர் விற்கும் நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியிடம் எங்கள் தேவையைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்த அளவுக்குத் திறமூலமே போதும், காசை மாணவர்களுக்குக் கொடுங்கள்" என்றார். அவருடைய மேலாளர் இதைப் படிக்கக் கூடாது என்பதால் ஊரைக்கூட எழுதவில்லை. நன்றி, ஐயா.

எங்கள் குழுவிலேயே இருக்கும் தங்கைக்கு நான் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன். பாதுகாப்பான இணைப்பு இல்லாத பக்கத்துக்குப் பிரவுசர் கேமராவைத் தராது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. கணினியில் சோதிக்கும்போது மட்டும் லோக்கல்ஹோஸ்டுக்கு, அதாவது அதே கணினியில் ஓடும் பக்கத்துக்கு, விலக்கு உண்டு. அதே பக்கத்தை அலுவலக வைஃபை வழியாகக் கைபேசியில் திறந்தால், கேமரா என்ற ஒன்றே இல்லாததுபோல் அது நடந்துகொள்ளும். சோதனைச் சர்வருக்கே பாதுகாப்பான இணைப்புக்கான டிஜிட்டல் சான்றிதழ் போட்டு அந்தத் தலைவலியை முதல் நாளிலேயே முடித்தவர் அவர்தான். ஐபோனில் வீடியோ தானாக முழுத்திரைக்குத் தாவாதபடி ஒற்றைச் சொல்லைச் சேர்த்ததும் அவரே. ஓப்பன்சிவியில் உருவாக்கும் ஒவ்வொரு படத்தையும் வேலை முடிந்ததும் நாமே அழிக்க வேண்டும். பிரவுசரின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் அந்தக் குப்பையைத் தானாக அள்ளாது, நினைவகம் நிரம்பிவிடும். மலிவான கைபேசிகளில் மூன்றாம் பக்கம் ஸ்கேன் செய்யும்போது பிரவுசர் மூடிக்கொண்டதன் காரணம் இதுதான் என்று கண்டுபிடித்துவிட்டு அவர் சாப்பிடப் போனார். நூலகத்தில் எங்களுக்குத் தேவையான செயற்கூறுகளை மட்டும் பட்டியலிட்டுத் தொகுத்து, பல மெகாபைட் கோப்பை இளைக்க வைத்ததும் அவர் கைவேலை. டேட்டா தீர்ந்துவிடுமோ என்று எண்ணிக்கொண்டே பக்கத்தைத் திறக்கும் மாணவருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு எளிதில் புரியாது.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த ஊர் ஸ்கேனருக்கும் பொருந்தும். எங்கள் ஸ்கேனரை எங்கள் ஸ்கேனராக்கியது ஜெராக்ஸ் கடை அண்ணன். அவர் கணினி படித்தவர் அல்லர். ஆனால் காகிதம் படித்தவர். வெள்ளைச் சான்றிதழை வெளிர்நிறத் தரையில் வைத்தால் ஓரம் தெரியாது, கோரைப்பாயில் வைத்தால் பாயின் கோடுகளெல்லாம் காகிதத்தின் ஓரமாகத் தெரியும். நான் நிறச்செறிவைத் தனியே பிரித்துப் பார்க்கலாமா, வடிகட்டியை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர், "பள்ளிக்கூடப் பையைப் படுக்கவைத்து அதன்மேல் வைக்கச் சொல்லுங்களேன்" என்றார். எல்லா மாணவரிடமும் பை இருக்கிறது, பெரும்பாலும் கருநீலம். திரையின் முதல் வரியில் இப்போது அந்த வாசகம்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு மூலைகள் பிடிபடாத புகார் அரிதாகிவிட்டது.

லேமினேஷன் செய்த மதிப்பெண் பட்டியல்களைப் பற்றி எச்சரித்தவரும் அவரே. டார்ச் போட்டால் நடுவில் வெள்ளைத் திட்டு விழுந்து மதிப்பெண்ணையே விழுங்கிவிடும். ஆகவே டார்ச் பொத்தானை எடுத்துவிட்டு, படத்தில் வெளுத்த திட்டு பெரிதாகத் தெரிந்தால், "டியூப்லைட்டுக்கு நேர்கீழே வேண்டாம், ஜன்னல் பக்கம் வாருங்கள்" என்று சொல்ல வைத்தோம். பாஸ்புக் முதல் பக்கத்தை ஏ4 அளவுக்கு இழுத்துவிட்டால் எழுத்துகள் கொழுத்துப்போகும் என்றும் அவர் சிரித்தார். நாங்கள் எடுத்துக்கொண்ட நூலகம் அகலத்தையும் உயரத்தையும் நாமே கொடுக்க வேண்டும் என்கிறது. எனவே கண்டுபிடித்த நான்கு ஓரங்களின் நீளத்தை வைத்து ஒவ்வோர் ஆவணத்துக்கும் விகிதத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கிறோம். அண்ணனின் வருமானத்தில் கைவைக்கும் வேலைக்கு அண்ணனே வழி சொல்லிக் கொடுத்தார் என்பதை இங்கே அழுத்தி எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயாவுக்கு இரண்டு பத்தி ஒதுக்கலாம், ஒன்றில் அடக்குகிறேன். ஸ்கேன் என்றால் வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. பகுதி பகுதியாக வெளிச்சத்தை அளந்து கறுப்பு வெள்ளையாக்கும் முறையைப் போட்டபோது நிழல்கூட மறைந்து படம் பளிச்சென்று வந்தது. ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "கையெழுத்து பச்சை மையில் போட்டதா, ஜெராக்ஸ் பிரதியா என்று இதில் எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு முன் எங்கள் பளிச்சென்ற படம் ஒன்றுமில்லாமல் போயிற்று. சான்றொப்பத்தின் பச்சை மையும் அலுவலக முத்திரையின் ஊதாவும் சரிபார்ப்பவர் முதலில் தேடுகிற அடையாளங்கள். வெளிறிய முத்திரை கறுப்பு வெள்ளையில் பாதி கரைந்தே போகிறது. இப்போது தாளின் பின்னணி வெளிச்சத்தை மட்டும் மதிப்பிட்டு, அந்த மதிப்பால் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் வகுக்கிறோம். நிழல் போகிறது, நிறம் நிற்கிறது. கறுப்பு வெள்ளை வேண்டுமென்றால் தனிப் பொத்தான் இருக்கிறது. அதை யாரும் அழுத்துவதாகத் தெரியவில்லை.

அதே அமர்வில் அவர் முத்திரையின் பொடி எழுத்தைப் படிக்க முடியவில்லை என்றும் குறைப்பட்டார். கணக்கு அவர் பக்கம்தான். 1920-க்கு 1080 பிக்சல் வீடியோவில் ஏ4 தாளின் 210 மில்லிமீட்டர் அகலம் முழுவதும் 1080 புள்ளிகளுக்குள் அடங்க வேண்டும்; அங்குலத்துக்கு 130 புள்ளிகள்தான் தேறும். 300 புள்ளிகள் வேண்டுமானால் 2480-க்கு 3508 பிக்சல் தேவை. ஆகவே வீடியோ வழிகாட்ட மட்டும். பொத்தானைத் தொட்டதும் ஆண்ட்ராய்டு குரோமில் முழுத் தெளிவுப் புகைப்படம் எடுக்கிறோம், மற்றவற்றில் கைபேசியின் சொந்தக் கேமராவைத் திறந்துவிடுகிறோம்.

சோதித்துப் பார்த்த மாணவ மாணவியரே, உங்களில் ஒருவர் எழுதியது நினைவிருக்கிறது: "அப்பாவின் போன். கேமராவுக்கு அனுமதி கேட்டதும் பயந்து மறுத்துவிட்டேன்." ஒருமுறை மறுத்துவிட்டால் பெரும்பாலும் பிரவுசர் அமைப்புகளுக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். அதனால்தான் இப்போது பக்கம் திறந்ததும் கேட்காமல், எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி, நீங்கள் பொத்தானைத் தொட்ட பிறகு கேட்கிறோம். படம் உங்கள் கைபேசியிலேயே திருத்தப்படுகிறது. "அனுப்பு" என்பதைத் தொடும்வரை எங்கள் சர்வருக்கு வருவதில்லை. புகைப்படத்தோடு ஒட்டிவரும் இடக்குறிப்பும் அந்தத் திருத்தத்தில் உதிர்ந்துவிடுகிறது.

பேத்திக்காகக் காகிதத்தைப் பிடித்த பாட்டிக்கும் நன்றி சொல்ல வேண்டும். படம் அசையாமல் நின்றால் தானாகவே எடுத்துக்கொள்ளும் வசதியை நாங்கள் பெருமையாக வைத்திருந்தோம். பாட்டியின் கை நடுங்கியது, கேமரா காத்துக்கொண்டே இருந்தது. "இது எடுக்குமா, எடுக்காதா?" என்று அவர் கேட்டதும், தானியங்கி அணைத்த நிலையிலேயே இருக்கட்டும் என்று முடிவானது. நான்கு மூலைகளையும் விரலால் நகர்த்திக்கொள்ளும் வசதியை எடுத்துவிடலாம் என்று வடிவமைப்புக் கூட்டத்தில் வந்த யோசனையும் அன்றே அடங்கியது. இயந்திரம் காட்டும் மூலைகள் வெறும் யோசனை. மனிதர் நகர்த்தினால் அதுவே இறுதி.

ஆதார் அட்டையில் முதல் எட்டு இலக்கங்களை மறைத்தே வாங்குங்கள் என்று கட்டணம் வாங்காமல் ஆலோசனை சொன்ன வழக்கறிஞர் அம்மாவுக்கும், இரவில் அழைத்தாலும் எடுத்த சர்வர் பராமரிப்புத் தம்பிக்கும் என் வணக்கம்.

நாங்கள் செய்த மாற்றங்களைத் திறமூலமாகவே வெளியிட அறக்கட்டளை ஒப்புக்கொண்டுவிட்டது. குறிப்புகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். மடிப்பு விழுந்த பழைய பத்திரங்களை மட்டும் இன்னும் சரியாக நிமிர்த்த முடியவில்லை. ஜெராக்ஸ் கடை அண்ணன் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
நிரல் குழுவில் ஒருவன்