கரோல் வண்டிக்கு முதலில் பிரேக் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில் குளிர்காலத்தில் பழைய கார்களைப் பாதுகாப்பது பற்றி முழுப்பக்கம் வந்திருந்தது. பனி மூடிய ரோட்டில் ஒரு சிவப்புக் கார், அதன் தலையில் ஒரு கிறிஸ்மஸ் மரம் என்று படமும் போட்டிருந்தீர்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் பேத்தி அதை வெட்டி எடுத்துக் குடிலுக்குப் பின்னால் ஒட்ட வைத்திருக்கிறாள்.

ஆனால் அதில் சொல்லியிருந்த யோசனைகள் எந்த ஊருக்கு? ரேடியேட்டரில் தண்ணீர் உறையாமல் தடுக்கும் ஆன்டி ஃப்ரீஸ் ஊற்ற வேண்டுமாம். ரோட்டில் தூவிய உப்பை அடிப்பாகத்திலிருந்து கழுவ வேண்டுமாம். வண்டியை நாலு ஸ்டாண்டில் தூக்கி வைத்து வசந்தம் வரும்வரை மூடி வைக்க வேண்டுமாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவனுக்கு இதெல்லாம் சரியான புத்தி. தண்ணீர் உறைந்தால் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். இரும்பு எஞ்சின் பிளாக்கையே பிளந்துவிடும். ஆன்டி ஃப்ரீஸில் இருக்கும் கிளைகாலைத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். நான் அழகியமண்டபம் பக்கம் 41 வருடம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தேன். குளிரில் பிளந்த பிளாக் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பிரேக் இல்லாமல் கயாலையில் (தோட்டத்து எல்லைச் சுவரில்) ஏறிய வண்டிகளை எண்ணிச் சொல்ல முடியாது.

நம் ஊரில் பழைய வண்டியைக் கெடுப்பது ஈரமும், கடற்காற்றும், சும்மா கிடப்பதும்தான். இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் இது. ஆனியில் நனைந்த சேஸிஸ் காய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். முட்டம், மணவாளக்குறிச்சி, குளச்சல் கரையோர வீடுகளில் ரோட்டில் உப்புத் தூவ ஆள் வேண்டாம், காற்றே கொண்டுவந்து அப்பும். மழை விட்ட ஒரு நாள் பார்த்து நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவச் சொன்னால், "மழையிலதான் நனையுதுல்லா, பின்ன எதுக்குக் கழுவணும்?" என்பார்கள். மேலே விழும் மழை மட்கார்டுக்கு உள்ளே அப்பிய உப்பு மண்ணைக் கரைக்காது, சேறாக்கி வைக்கும். துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

ரேடியேட்டர் விஷயத்தில் அந்தக் கட்டுரை ஒரு விதத்தில் சரி, சொன்ன காரணம்தான் நமக்குப் பொருந்தாது. ஆன்டி ஃப்ரீஸ் கலந்த கூலன்ட் ஊற்றுங்கள், ஆனால் துருப்பிடிக்காமல் இருப்பதற்காக. கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அதுவும் கரையோரக் கிணறு என்றால் வேண்டவே வேண்டாம். என் அப்பா ஓட்டிலிருந்து விழும் மழைத் தண்ணீரைச் செம்புக் குட்டுவத்தில் பிடித்து, துணியில் வடிகட்டி ஊற்றுவார். திருவிதாங்கூர் அரசு பஸ் ஓடிய காலத்தில் வேலை பழகியவர். அவருடைய ரேடியேட்டர்களைத் திறந்தால் உள்ளே உப்புக் கட்டியிருக்காது.

என்னிடம் இரண்டு வண்டிகள் இருக்கின்றன. ஒன்று 1965 அம்பாசிடர் மார்க் 2. மற்றது அப்பா வாங்கிய 1967 பென்ஸ் லாரி. டாடாவின் டெல்கோ கம்பெனியும் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் 1954-இல் போட்ட ஒப்பந்தம் 1969-இல் முடியும்வரை நம் லாரிகளின் முகத்தில் மூன்று முனை நட்சத்திரம்தான் இருந்தது. அதனால்தான் டாடா லாரியையே நம் ஆட்கள் இன்றைக்கும் பென்ஸ் லாரி என்கிறார்கள். எங்கள் பங்குக் கோவில் இளைஞர்கள் ஒவ்வொரு வருடமும் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடி வீடு வீடாகப் போகும் கரோலுக்கு அந்த லாரியைக் கேட்டு வருவார்கள். கிறிஸ்மஸ் தாத்தாவுக்கு அதன் நீண்ட மூக்கின்மேல் உட்கார வேண்டுமாம். மூக்கின்மேல் யாரையும் உட்கார விடமாட்டேன் என்பதில் ஆரம்பித்துத்தான் எங்கள் பேச்சு ஒவ்வொரு டிசம்பரும் தொடங்கும்.

எல்லாருக்கும் பழைய வண்டி ஞாபகம் வருவது இந்த ஒரு மாதத்தில்தான். கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்ததும் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கும். வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் லீவுக்கு வருவார்கள். தாத்தாவின் ஃபியட்டை, எஸ்டேட் ஜீப்பை மூடியிருந்த தார்ப்பாயை இழுப்பார்கள். உள்ளே எலி குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். வேறு வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்வார்கள். எஞ்சின் ஓடியதும் கை தட்டுவார்கள், வீடியோ எடுப்பார்கள். அவ்வளவுதான், வண்டி ரெடி என்று நினைப்பு.

என் வீட்டிலேயே நடந்தது. மூன்று வருடத்துக்கு முன் என் அக்காள் மகன் லீவுக்கு வந்திருந்தான். எனக்கு அப்போது கண்ணில் ஆபரேஷன் முடிந்து அந்த வருடம் முழுக்க அம்பாசிடரைத் தொடவில்லை. டிசம்பர் 23 காலையில் பிள்ளைகளைப் பேச்சிப்பாறைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று நின்றான்.

"பிரேக் பார்க்காம எடுக்காதல."

"வண்டி ஸ்டார்ட் ஆயிட்டுல்லா மாமா, பின்ன என்ன?"

நானும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து மசிந்து முன்சீட்டில் ஏறிவிட்டேன். 41 வருடம் மற்றவனுக்குச் சொன்ன புத்தி எனக்கு அன்றைக்கு இல்லை. போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வரும்போது குலசேகரத்துக்கு முன்னால், ரப்பர் தோட்டத்து இறக்கத்தில், "மாமா, பிரேக்க சவுட்டுனா கீழ வர போவுது" என்றான். குரல் மாறிவிட்டது. கியரை ரெண்டுக்கு இறக்கச் சொன்னேன். எஞ்சின் உறுமி வண்டியைப் பிடித்தது. ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுக்கச் சொன்னேன், அது கேபிளில் தனியாக வேலை செய்வது. கடைசியில் இடது பக்கக் கயாலையில் உரசித்தான் நின்றது. மட்கார்டு நசுங்கியதோடு போயிற்று. பின்சீட்டில் இருந்த சின்னவன் மட்டும் இன்னொரு தடவை அப்படி ஓட்டச் சொன்னான்.

மறுநாள் கழற்றிப் பார்த்தேன். பின் இடது சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரில் பிஸ்டன் ஓடும் இடம் துருப்பிடித்துச் சொரசொரப்பாக இருந்தது. அதில் உரசி ரப்பர் கப் கிழிந்து ஆயில் முழுக்க வெளியே போயிருந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், சும்மா கிடக்கும் வண்டியில் அந்த ஈரம் சிலிண்டரை உள்ளிருந்து தின்னும். இந்தக் காலத்துக் கார்களில் பிரேக் லைன் இரண்டாகப் பிரிந்திருக்கும், ஒன்று போனாலும் ஒன்று பிடிக்கும். அம்பாசிடர் மார்க் 2-க்கும் அந்தக் காலத்து ஃபியட்டுக்கும் ஜீப்புக்கும் ஒரே லைன்தான். நாலு சக்கரத்தில் எது ஒழுகினாலும் நாலும் போச்சு.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டியதில்லை. வண்டி நின்றபடியே பிரேக்கை அழுத்தி ஒரு நிமிடம் காலை எடுக்காமல் வைத்திருங்கள். பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் வண்டியை எடுக்காதீர்கள். டயரின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று கை விட்டுப் பாருங்கள். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டால் மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2216 என்றிருந்தால் 2016-ஆம் வருடம் 22-வது வாரம் செய்த டயர். ரோட்டைப் பிடிக்கும் பட்டன் தேயவில்லை என்று அதை நம்பிப் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். வெடிப்பு பக்கவாட்டில்தான் விடும்.

பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது பெட்ரோல் பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலும் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகத் தங்கிவிடும். வண்டியின் பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் பழைய டயாபிரம் சவ்வும் பழைய ரப்பர் ஹோஸும் அதைத் தாங்குவதற்குச் செய்தவை அல்ல, ஊதிப்போகும். ஹோஸ் ஒழுகினால் சொட்டுவது சூடான எஞ்சின்மேல். தார்ப்பாயை எடுத்ததும் முதலில் பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டு, அப்புறம் சாவியைத் தொடுங்கள்.

மழையில் வண்டி திணறினால் பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிக் காய்ந்த துணியால் துடைத்தால் பாதி வியாதி தீரும். வைப்பர் வேலை செய்யாவிட்டால் அந்தக் காலத்தில் லாரிக்காரர்கள் புகையிலையைக் கசக்கிக் கண்ணாடியில் தேய்ப்பார்கள், தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் வழிந்து ஓடும். இதை வைப்பருக்குப் பதிலாக வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. புகையிலைக்கு நான் கண்ட ஒரே நல்ல உபயோகம் அதுதான் என்பதால் எழுதுகிறேன்.

இனி கரோல் வண்டி. பழைய ஜீப்பிலும் காரிலும் இருப்பது டைனமோ. எஞ்சின் நன்றாகச் சுற்றினால்தான் அது கரண்ட் கொடுக்கும். கரோல் வண்டி போவது நடை வேகத்தில், வீட்டுக்கு வீடு நின்று நின்று. ஹெட்லைட் இரண்டும் சேர்ந்தே எட்டு ஆம்பியர் பக்கம் இழுக்கும். அதோடு சீரியல் பல்பு, ஆம்ப்ளிஃபயர், சுழலும் ஸ்டார் எல்லாவற்றையும் அதே பேட்டரியில் மாட்டுகிறார்கள். இரவு பத்து மணிக்குப் பார்த்தால் பின்னால் இருக்கும் சிவப்பு விளக்கு தீக்குச்சி மாதிரி மினுங்கும். ரோட்டில் அந்த நேரத்தில் யார் வருகிறார்கள்? கல் ஏற்றிய டாரஸ் லாரி, சபரிமலைக்குப் போய்த் திரும்பும் வேன், விடிவதற்குள் கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்று தூங்காமல் ஓட்டுகிற வெளியூர்க்காரன். அவன் கண்ணுக்கு உங்கள் ஸ்டார் தெரியும், ஸ்டாருக்குக் கீழே லாரி இருப்பது தெரியாது. ஜோடனை விளக்குக்குத் தனி ஜெனரேட்டரோ தனி பேட்டரியோ வையுங்கள். பின்பக்கம் முழுக்க சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். சரக்கு வண்டியின் பின்னால் ஆட்களை ஏற்றுவது சட்டப்படியும் குற்றம். எங்கள் லாரியில் குடில் மட்டும்தான் ஏறும், பாடுகிறவர்கள் நடந்து வர வேண்டும். இதற்காக என்னைப் பிசுநாறி என்று பேசுவதும் எனக்குத் தெரியும்.

தங்கள் கட்டுரையில் "வின்டேஜ் நம்பர்" வாங்கிவிட்டால் பிரச்சினை இல்லை என்பதுபோல் ஒரு வரி இருந்தது. அதைத் திருத்த வேண்டும். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு அந்தப் பதிவு கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பழைய வண்டி ஊர்வலத்துக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுக்கலாமே தவிர, தினப்படி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் எடுக்க நினைக்கிறவர்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்திருப்பதுதான் நல்லது. நான் அம்பாசிடருக்கு அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

மாவட்ட நிர்வாகத்துக்குத் தங்கள் வழியாக ஒரு விண்ணப்பம். பள்ளி வாகனங்களை வருடத்துக்கு ஒரு முறை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி ஆய்வு செய்கிறார்கள். அதேபோல் டிசம்பர் முதல் வாரத்தில் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஒரு நாள், கரோலுக்கும் ஊர்வலத்துக்கும் எடுக்கும் பழைய வண்டிகளுக்குப் பிரேக்கும் விளக்கும் மட்டும் பார்த்துக் கொடுக்கலாம். அன்றைக்கு அபராதம் போட மாட்டோம் என்று சொன்னால்தான் ஆட்கள் வருவார்கள், இல்லாவிட்டால் தார்ப்பாயை இன்னும் இறுக்கிக் கட்டுவார்கள்.

அது நடக்கும்வரை, டிசம்பர் முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் காலைப் பூசை முடிந்து பத்து மணியிலிருந்து என் ஷெட் திறந்திருக்கும். அழகியமண்டபத்தில் பென்ஸ் லாரி நிற்கும் வீடு என்று கேட்டால் சாயாக்கடையில் யாரும் காட்டுவார்கள். கூலி வேண்டாம், பிரேக் ஆயிலும் வீல் சிலிண்டர் கிட்டும் நீங்கள் வாங்கி வர வேண்டும். வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள், கட்டி இழுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவர்,
அழகியமண்டபம், கன்னியாகுமரி மாவட்டம்.